பேரை மட்டும் மாற்றிய பத்திரிகை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவன் கையில் ஏதோ கொஞ்சம் காசு இருந்திருக்க வேண்டும். காசில்லாதவர்கள் கல்யாணத்தைப் பண்ணிப் பார்ப்பதில்லை, ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கிறார்கள். செங்கமலம் தை மாதத்தில் வெட்டத் தொடங்கியவள். சித்திரை பிறந்தபோது வெட்டுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்ற இடத்துக்கு வந்திருந்தாள்.

மண்டபம் கிடையாது, ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தாலி. சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமர நிழல். சத்துணவு ஆயாவாகப் பன்னிரண்டு வருஷம் அங்கே அடுப்பூதியவள் என்று தலைமையாசிரியர் பார்த்துக் கொடுத்த இடம் அது, கோடை விடுமுறையாகவும் அமைந்துவிட்டது. நாயனம் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும். வீடியோ இல்லை, போட்டோ ஒரு ரோல். பந்தியில் வடை உண்டு, அப்பளம் உண்டு, இரண்டாவது இனிப்பு கிடையாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

ஒன்றை மட்டும் அவள் வெட்டவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணை மணையில் உட்கார வைத்து, சந்தனமும் மஞ்சளும் பூசிக் குங்குமம் இட்டு நலங்கு வைப்பார்கள். சுமங்கலிகள்தான் வைக்கலாம். முதல் கை பெற்றவள் கை. அதற்குக் காசு ஆகாது. மகள் வெற்றிச்செல்வியின் கன்னத்தில் முதல் மஞ்சளைத் தன் கையால் பூச வேண்டும் என்று செங்கமலம் நினைத்திருந்தாள். தை மாதத்திலிருந்து அலைந்த அலைச்சலுக்கெல்லாம் அது ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த கூலி.

அவள் சுமங்கலியா என்பதில்தான் வம்பு. புருஷன் பூமாலை ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறாம் வருஷம், போர்வெல் வண்டியில் வேலைக்கு நாக்பூர் போனான். இரண்டு மணியார்டர் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. செத்தான் என்று தந்தியும் இல்லை, இருக்கிறேன் என்று கடுதாசியும் இல்லை. யாராவது கேட்டால், "வடக்க வேலையில இருக்காரு" என்பாள். முதலில் நம்பிச் சொன்னாள், பிறகு பழக்கத்தில் சொன்னாள். ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு கொள்ளிடக் கரையில் தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டாள். நெற்றியில் பொட்டு ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

மாசி மாதம் தம்பி நல்லதம்பி அவளைப் பெரம்பலூரில் ஓர் ஆபீசுக்கு அழைத்துப் போனான். விதவைத் தாயின் மகளுக்குக் கல்யாண உதவி கிடைக்கும் என்று எவனோ சொல்லியிருந்தான். அங்கே இருந்த அம்மா நல்ல மாதிரிதான். புருஷன் இறந்ததற்குச் சர்ட்டிபிகேட் கேட்டார்.

"அவரு சாகலீங்க."

"அப்ப எங்க இருக்காரு?"

"தெரியலீங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இருக்காருன்னு எழுத இதுல எடம் இருக்கும்மா. இல்லைன்னு எழுதவும் எடம் இருக்கு. தெரியலன்னு எழுத எடம் இல்லியே."

திரும்பி வரும்போது அரியலூரில் பஸ் மாறுகையில் நல்லதம்பி, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காரியம் ஆயிருக்கும்க்கா" என்றான். சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கும் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

பத்திரிகை அடிக்க ஜெயங்கொண்டத்தில் சின்னதுரையின் பிரஸ்ஸுக்குப் போனாள். அந்த ஊர் ஜவுளிக்கடை ஒன்றில்தான் வெற்றிச்செல்வி சேலை மடித்துக்கொண்டிருந்தாள், கூட அவளும் வந்தாள். சின்னதுரை எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அடிக்கிறவர். கூலியைக் கேட்டதும் செங்கமலம் முகம் போன போக்கைப் பார்த்து, அவராகவே ஒரு வழி சொன்னார்.

"புதுசா கோக்கறதுக்குத்தாம்மா அந்தக் கூலி. போன வாரம் செந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அடிச்சேன். எழுத்து அப்படியே கட்டுப் பிரிக்காம கெடக்கு. பேரு, ஊரு, தேதி மட்டும் மாத்திப் போட்டா பாதிக் கூலிதான்."

"அதுவே போதும்ண்ணே."

இன்னொரு வீட்டு அழைப்பில் தன் வீட்டுப் பேர்களைச் செருகிக்கொள்வதில் அவளுக்கு ஒரு குறைச்சலும் தெரியவில்லை. பிள்ளையார் படம் எல்லாருக்கும் ஒன்று. சுற்றமும் நட்பும் சூழ வருகை தருவதும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அச்சடிப்பதற்கு முன்னால் பிழை பார்க்க ஒரு தாள் கொடுத்தார் சின்னதுரை. மூன்று பேர் பார்த்தார்கள். நல்லதம்பி, தாய்மாமன் என்று போட்டுத் தன் பேர் தடித்த எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்தான். வெற்றிச்செல்வி, மாப்பிள்ளை ரஞ்சித்குமாரின் பேரில் ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஐந்தாவது வரை படித்த செங்கமலம் விரலை வைத்துத் தேதியையும் நேரத்தையும் கோயில் பேரையும் பார்த்தாள். பெண்ணைப் பெற்றவன் பேரை ஒருவரும் பார்க்கவில்லை. வராதவன் பேரில் பிழை இருந்தால் யார் வந்து சண்டை பிடிக்கப் போகிறார்கள்?

முந்நூறு பத்திரிகை வந்து சேர்ந்தது. மூலைகளில் மஞ்சள் தடவலாம் என்று தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். நாலைந்து தடவியிருப்பார்கள், வெற்றிச்செல்வியின் கை நின்றது.

"அம்மா, இதப் படி."

செங்கமலம் விரலை வைத்துப் படித்தாள். 'பூமாலை (லேட்) – செங்கமலம் இவர்களின் குமாரத்தி.'

செந்துறைப் பெண்ணுக்கு அப்பன் இல்லை போலிருக்கிறது. அந்தப் பேரை எடுத்துவிட்டுப் பூமாலையை வைத்த சின்னதுரை, பக்கத்தில் இருந்த அந்தச் சொல்லை எடுக்க மறந்துவிட்டார். பாதிக் கூலியில் மிச்சம் பிடிக்கப் போய்ப் புருஷனை இழந்துவிட்டு நின்றாள் செங்கமலம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "முந்நூறுலயுமா?" என்று கேட்டாள். ஒன்றில் இருந்தால் முந்நூறிலும் இருக்கும் என்பது தெரியாதவள் இல்லை.

வெற்றிச்செல்வி ஒரு பத்திரிகையில் அந்தச் சொல்லின் மேலேயே மஞ்சளை அப்பிப் பார்த்தாள். மூலையில் தடவுகிற மஞ்சள் கொஞ்சம் நடுவில் பட்டதாக இருக்கட்டும் என்று நினைத்தாள். மஞ்சள் காய்ந்ததும் அதன் நடுவில் அந்த எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. கறுப்பு மையால் அடிப்பது என்றால், கல்யாணப் பத்திரிகையில் கறுப்பா?

"இருந்துட்டுப் போவட்டும்மா," என்றாள் மகள். பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டே, தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நான் பன்னெண்டு வயசுலேருந்து அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

ஒன்பது வருஷமாக ஒரே பாயில் படுத்த பெண் இதை இன்றைக்குத்தான் சொல்கிறாள். செங்கமலத்துக்குச் சுருக்கென்று தைத்தது. கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தாள், யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பிரஸ்ஸுக்குப் போனாள். சின்னதுரை தலையில் கையை வைத்துக்கொண்டார். "என் தப்புதாம்மா. திரும்ப அடிக்க எனக்கு ஒத்தக் காசு வேணாம். அட்டை மட்டும் வாங்கிக் குடுத்துடு" என்றார். அவர் வரைக்கும் அது நியாயம். அட்டைக்கு வைத்திருந்த பணம் அட்டையாகிவிட்டது. மிச்சம் இருப்பது அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணி முடிந்த பணம். அதில் கை வைத்தால் பந்தியில் கடைசி வரிசைக்குச் சோறு இருக்காது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சம்பந்தி வீட்டுக்கு முதலில் தெரிவித்துவிட வேண்டும் என்று அரியலூருக்குப் பஸ் ஏறினாள். ரஞ்சித்குமார் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். அவன் அம்மா பொன்னுத்தாய்தான் அந்த வீட்டில் எல்லாம். பஸ்ஸில் வழி நெடுக, என்ன சொல்ல வேண்டும் என்று செங்கமலம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அச்சுப் பிழைங்க, தப்பா எடுத்துக்காதீங்க, அபசகுனம்னு நெனைக்காதீங்க. வெயிலும் லாரிப் புழுதியும் சேர்ந்து தொண்டை வறண்டிருந்தது.

பொன்னுத்தாய் மோர் கொடுத்தாள். பத்திரிகையை வாங்கி, கண்ணாடி போட்டு, முழுதும் படித்தாள். செங்கமலம் மனப்பாடம் செய்ததைத் தொடங்குவதற்குள் அவளே பேசினாள்.

"நல்ல வேலை செஞ்சீங்க சம்பந்தி. நாங்களே கேக்கணும்னு இருந்தோம். கேக்கத்தான் சங்கடமா இருந்திச்சு."

"இல்லீங்க, இது வந்து..."

"எங்க சனம் ஆளுக்கு ஒண்ணு கேக்குது. பொண்ணுக்கு அப்பன் இருக்கானா, வந்து நிப்பானா, வராட்டி ஏன் வரலன்னு. எத்தினி பேருக்கு நான் பதில் சொல்றது? இப்ப ஒரே வார்த்தையில முடிஞ்சிது."

செங்கமலம் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னுத்தாய் பொல்லாதவள் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நலங்கு வெக்கறது, முன்னாடி நிக்கறது, அதெல்லாம் உங்க தம்பி சம்சாரம் செய்யட்டும். பெத்த மனசு கஷ்டப்படும், எனக்குத் தெரியாம இல்ல. எங்க ஆளுங்க வாய் அப்படி."

அச்சுப் பிழை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் மனுஷன் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவளிடம் பதில் இல்லை. பெரம்பலூர் ஆபீசிலும் இல்லை, இங்கும் இல்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். உதவிப் பணத்துக்காகச் சொல்ல மாட்டேன் என்று மறுத்த வார்த்தையை, கடைசியில் ஓசியிலேயே சொல்லி முடித்தாகிவிட்டது.

இனி ஊருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். நல்லதம்பியின் மனைவி கண்ணகி தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். நலங்கில் முதல் கை அவளுடையது என்று ஆகிவிட்டதில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. "அண்ணி, நான் வேணும்னா அன்னிக்குக் காச்சல்னு படுத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். செங்கமலம் அந்தக் களைப்பிலும் சிரித்துவிட்டாள்.

வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் செங்கமலம் காத்து நின்றாள். இப்போது படிப்பார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள், "அடப்பாவமே, எப்பத் தெரிஞ்சிது?" என்று கேட்பார்கள். முதல் வீட்டில் படித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு லாரி சொந்தமா என்று கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரையா என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் தன் பேர் ஏன் போடவில்லை என்று வருத்தப்பட்டார். அடுத்த தெருவிலும் அதே கதைதான். பூமாலையின் பேர் மேல் எல்லார் கண்ணும் போனது. அந்தச் சொல்லின் மேலும் போனது. ஒரு கண்ணும் அங்கே நிற்கவில்லை.

பத்துப் பதினைந்து வீடு ஆனதும் அவளுக்கு விளங்கியது. ஊர் அவனை எப்போதோ கணக்கில் முடித்துவிட்டது. அவள் ஒருத்தி மட்டும் பொட்டை வைத்துக்கொண்டு, வடக்கே வேலை என்று சொல்லிக்கொண்டு, எல்லாரும் நம்புகிறார்கள் என்று நம்பியிருக்கிறாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

கடைசியாக வீரம்மாள் வீடு. செங்கமலத்தைவிட நாலைந்து வயது மூத்தவள், சத்துணவுக்கூடத்துக்கு எதிர்வீடு. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று ஊரில் பேர். ஒரு கருவேப்பிலைக் கொத்துக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் ஒடிப்பாள். பத்திரிகையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்ததும் மடித்து மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வரும்போது குங்குமச் சிமிழ் கொண்டுவந்தாள். பத்திரிகை வைக்க வரும் சுமங்கலிகளுக்குக் கொடுத்து அனுப்புவது வழக்கம். அதுவரை போன வீடுகளில் கண்ணகிதான் தட்டோடு முன்னால் நின்று வாங்கினாள், செங்கமலம் பார்த்துப் பார்த்து வாசலோடு ஒதுங்கி நின்றுவிட்டாள். வீரம்மாள் கண்ணகியைத் தாண்டி வந்து செங்கமலத்தின் முன்னால் சிமிழை நீட்டினாள்.

செங்கமலம் கையை நீட்டவில்லை. "பத்திரிகைய நல்லாப் படிச்சியாக்கா?"

"படிச்சேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எப்படி எனக்கு..."

"என்னடி புதுசா யோசிக்கிற? ஒம்போது வருசமா தெரிஞ்சிதான் குடுக்கறேன். வருசத்துக்கு ரெண்டு தரம், ஆடிக்கும் தைக்கும். நீ வெச்சிக்கிட்ட, நான் குடுத்தேன். இப்ப மட்டும் என்ன வந்திச்சு? எடு, கை வலிக்குது."

தெரிந்தேதான் கொடுத்திருக்கிறாள். கருவேப்பிலைக்குக் கணக்குப் பார்க்கிறவள், இந்தக் குங்குமத்துக்கு மட்டும் ஒரு நாளும் கணக்குக் கேட்கவில்லை. அவள் மட்டுமல்ல, தெரு முழுக்க அப்படித்தான் கொடுத்திருக்கிறது. பத்திரிகை வந்த நாளிலிருந்து வராத அழுகை செங்கமலத்துக்கு அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பாட்டுல வடை உண்டா?" என்று கேட்டாள் வீரம்மாள்.

"உண்டுக்கா."

"அப்பன்னா வரேன்."

வீட்டுக்கு வந்ததும் செங்கமலம் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் பழைய மணியார்டர் துண்டு ஒன்று இருந்தது. நாக்பூரில் அந்தப் போர்வெல் கம்பெனி இருந்த தெருவின் விலாசம் அதில் இருந்தது. மீந்திருந்த பத்திரிகைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பிளேடால் அந்த ஒரு சொல்லை மட்டும் மெல்லச் சுரண்டினாள். முந்நூறைச் சுரண்ட முடியாது, ஒன்றைச் சுரண்டலாம். எழுத்து போய் அந்த இடம் சொரசொரப்பாக ஆனது. வெற்றிச்செல்வி கதவோரம் நின்று பார்த்தாள். உறையை வாங்கி, விலாசத்தை இங்கிலீஷில் அவளே எழுதிக் கொடுத்தாள்.

"ஒங்கையிலதான் நலங்கு, ஆமா" என்றாள், உறையை நீட்டும்போது. "மாமி கைன்னா நான் மணையில உக்கார மாட்டேன்."

"அரியலூர்ல சரின்னுட்டு வந்துட்டேனே."

"நீ சொன்னதுதானே. நான் சொல்லலியே."

மறுநாள் காலையில் தா.பழூர் தபாலாபீசுக்குப் போனாள். போஸ்ட்மாஸ்டர் சிவசுப்பிரமணியன் உறையைத் திருப்பிப் பார்த்தார். நாக்பூர் என்றதும் கண்ணாடிக்கு மேலாக அவளையும் பார்த்தார்.

"புக் போஸ்ட்டுல போட்டா ஸ்டாம்பு கம்மிம்மா. உறைய ஒட்டாம விடணும். ஆனா ஒண்ணு, அங்க ஆள் இல்லன்னா அது திரும்பி வராது, அங்கியே கெடந்து போயிரும். முழு ஸ்டாம்பு ஒட்டி, அனுப்பறவங்க விலாசமும் எழுதிட்டா, ஆள் இல்லன்னு எழுதி ஒங்க வூட்டுக்கே கொண்டாந்து குடுத்துருவாங்க. தெரிஞ்சிக்கலாம்."

செங்கமலம் முழு ஸ்டாம்புக்கென்றே காசைக் கையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். இந்த ஒன்றில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள். முடிச்சை அவிழ்த்தவள், காசில் பாதியை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"புக் போஸ்ட்டே போடுங்க சார்."

"இதுலயும் மிச்சம் பிடிக்கறீங்களாம்மா?" என்று சிரித்துக்கொண்டே சின்ன ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்தார்.

"கல்யாணச் செலவுங்க சார்" என்றாள். எச்சில் தொட்டு ஒட்டி, உறையின் வாயை மூடாமல் உள்ளே மடித்து, பெட்டியில் போட்டாள்.

வெளியே வந்து, மிச்சக் காசுக்கு எதிர்க்கடையில் குங்குமம் ஒரு பொட்டலம் வாங்கினாள்.

"சாமிக்காம்மா?" என்று கேட்டான் கடைக்காரன்.

"இல்லப்பா, நலங்குக்கு" என்றாள். "எம் பொண்ணுக்கு நான்தான் வெக்கணும்."